சோல் பாட்டுக்குக் கருத்துக் கேட்டுத் திருத்துவது எப்படி? சுயாதீனப் பாடகர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பாட்டு முடிந்த கையோடு பத்துப் பேருக்கு லிங்க் அனுப்பி, "எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். ஏழு பேர் "சூப்பர்" என்பார்கள். இரண்டு பேர் கேட்டிருக்கவே மாட்டார்கள். ஒருவர் மட்டும் "ட்ரம்ஸ் கொஞ்சம் ஏத்துங்க" என்பார். அன்று இரவே ட்ரம்ஸ் ஏறும். அடுத்த வாரம் போட்டி நடுவரின் தாளில் "குரல் உள்ளே போய்விட்டது" என்று இருக்கும். சொந்தமாகப் பாடி வெளியிடுபவர்கள் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்ளும் சுழல் இது.

எங்கே உறுத்துகிறது என்று சொல்வதில் கேட்பவர் பெரும்பாலும் தவறுவதில்லை. அதை எப்படிச் சரிசெய்வது என்று சொல்வதில்தான் தவறுவார். வயிற்றுவலி என்று வந்தவரின் வலி உண்மை. அவரே சொல்லும் மருந்தை அப்படியே எழுதித் தர முடியாது. இந்த இரண்டையும் பிரித்தெடுக்கத்தான் கீழே உள்ள படிகள். ஒவ்வொரு படியும் முந்தைய படியை நம்பியிருப்பதால் வரிசையை மாற்ற வேண்டாம்.

வார்த்தைகளைப் பற்றி ஒன்று: சோல் என்பது உணர்ச்சியைக் குரலில் கொட்டிப் பாடும், அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைப் பாணி. திரும்பத் திரும்ப வரும் பகுதியைப் பல்லவி என்றும், கதை நகரும் பகுதியைச் சரணம் என்றும், ஒரே எழுத்தைப் பல ஸ்வரங்களில் உருட்டிப் பாடுவதைப் பிருகா என்றும் இங்கே சொல்கிறோம்.

1. கேட்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

கருத்துக் கேட்க ஏற்ற கட்டம் ரஃப் மிக்ஸ், அதாவது குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துக் கலந்த முதல் வடிவம். குரல் முழுதாகப் பாடியாகிவிட்டது, வாத்தியங்கள் எல்லாம் இருக்கின்றன, மாஸ்டரிங் (வெளியிடும் முன் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பு) மட்டும் நடக்கவில்லை என்ற நிலை. மாஸ்டர் முடித்துவிட்டுக் கேட்டால் எதையும் மாற்ற மனம் வராது. பாராட்டுக்காகக் கேட்பதாகவே முடியும். போனில் பதிந்த வெறும் மெட்டை அனுப்பினால், இசைக்காரர்களைத் தவிர மற்றவர்களால் முழுப் பாட்டைக் கற்பனை செய்ய முடியாது.

தயாராக வைக்க வேண்டியவை: 24 பிட் வேவ் கோப்பு, அதிலிருந்தே எடுத்த 320 கேபிபிஎஸ் எம்பி3, குரல் இல்லாத டிராக், குரல் மட்டும் உள்ள டிராக், விநாடிக் குறிப்போடு பாடல் வரிகள். கோப்பின் பெயரில் பதிப்பு எண்ணும் தேதியும் கட்டாயம். "ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "ஃபைனல் இதுதான்" என்று மூன்று கோப்புகள் சுற்ற ஆரம்பித்தால், யார் எதைக் கேட்டுச் சொன்னார் என்பது ஒரே வாரத்தில் குழம்பிவிடும்.

இன்னொரு காகிதமும் வேண்டும். அதை யாருக்கும் காட்டக் கூடாது. இந்தப் பாட்டு எதைப் பற்றியது என்று ஒரே வாக்கியம். கேட்பவரைப் பிடித்தே ஆக வேண்டிய மூன்று இடங்கள், நேரத்தோடு. வேண்டுமென்றே செய்தவற்றின் பட்டியல்: தாளத்துக்குச் சற்றுப் பின்னால் சாய்ந்து பாடியது, ஸ்வரத்துக்குக் கீழிருந்து வழுக்கி ஏறியது, இரண்டாம் சரணத்தில் குரல் உடைந்ததை அப்படியே விட்டது. சோல் பாட்டில் அழகாக இருப்பவற்றில் பாதியை வேறொரு பாணியில் பிழை என்று குறிப்பார்கள். எது தெரிந்தே செய்தது, எது தவறிப்போனது என்று முன்கூட்டியே எழுதிவைக்காவிட்டால், முதல் விமரிசனம் வந்ததும் எல்லாமே பிழையாகத் தெரியும். அல்லது, "அது ஸ்டைல்" என்று எல்லாவற்றுக்கும் சாக்குச் சொல்லத் தோன்றும். இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது.

2. ஒலி அளவைச் சமன் செய்யுங்கள்

இரண்டு பதிப்புகளை ஒப்பிடக் கொடுக்கும்போது சத்தமாக இருப்பதுதான் ஜெயிக்கும். ஒரு டெசிபெல் வித்தியாசமே போதும். கேட்பவருக்கு அது சத்தமாகத் தெரியாது. "இதுல குரல் இன்னும் நெருக்கமா இருக்கு" என்பதுபோல வேறு பெயரில் வெளிவரும்.

அதனால் இரண்டையும் லவுட்னஸ் மீட்டரில் முழுப் பாட்டுக்கும் அளந்து, சத்தமானதைக் குறையுங்கள். இரண்டும் அரை டெசிபெலுக்குள் வர வேண்டும். மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சத்தத்தின் அளவுகோல்) வசதியான இலக்கு. ஸ்பாட்டிஃபை இயல்பாகப் பாட்டுகளைச் சமன் செய்யும் அளவும் அதுதான். உச்சம் மைனஸ் 1 டெசிபெலைத் தாண்ட வேண்டாம். மெல்லிய பதிப்பை லிமிட்டர் (ஒலியின் உச்சங்களை அமுக்கி நிறுத்தும் கருவி) போட்டு ஏற்றாதீர்கள். லிமிட்டர் பாட்டின் ஏற்ற இறக்கத்தையே மாற்றிவிடும். பிறகு நீங்கள் ஒப்பிடுவது வேறு இரண்டு பாட்டுகளை.

3. யாரிடம் கேட்பது

நான்கு வகை ஆட்கள் வேண்டும். தினமும் சோல் கேட்பவர்கள் ஐந்து முதல் எட்டுப் பேர். சோல் பக்கமே போகாத, ஆனால் பாட்டுக் கேட்கிறவர்கள் அதே அளவு. பாடகர் அல்லது வாத்தியக்காரர் இரண்டு மூன்று பேர். ஒலிப்பதிவோ மிக்ஸிங்கோ தெரிந்த ஒருவர்.

முதல் வகையினர் லயம் அமர்ந்திருக்கிறதா, குரலில் உண்மை இருக்கிறதா என்பதைப் பிடிப்பார்கள். இரண்டாம் வகையினருக்குப் பாணியின் மேல் பாசம் கிடையாது. சலிப்பு எங்கே தொடங்குகிறது என்பதை அவர்கள்தான் ஒளிக்காமல் சொல்வார்கள். பாடகர்கள் குரலை மட்டுமே கேட்பார்கள், அதுவும் தாங்கள் பாடியிருந்தால் எப்படிப் பாடியிருப்போம் என்ற கோணத்தில். மிக்ஸ் தெரிந்தவர் பாட்டைக் கேட்கவே மாட்டார், ஒலியைத்தான் கேட்பார். அவர்களுக்கு வாய்த்த காது அப்படி. யார் சொன்னது என்று தெரியாத கருத்தைப் படிக்கவே முடியாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறோம்.

வீட்டாரிடம் கேட்பதில் பெரிய பயன் இல்லை, ஒரு விஷயம் தவிர. "இது உன் குரல் மாதிரியே இல்லையே" என்று வீட்டில் யாராவது சொன்னால் அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். சுருதித் திருத்தம் அளவுக்கு மீறிப் போயிருக்கிறது என்பதை அவர்களைவிட வேகமாக யாரும் கண்டுபிடிப்பதில்லை.

ஒரே நாளில் எல்லோருக்கும் அனுப்பிவிடாதீர்கள். ஒருவரிடம் முதல் கேட்பு ஒருமுறைதான் கிடைக்கும். பட்டியலில் பாதிப் பேரைத் திருத்திய பதிப்புக்காக ஒதுக்கி வையுங்கள். புதிதாகச் செய்பவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். திருத்தம் முடிந்து நிற்கும்போது, பாட்டைப் புதிதாகக் கேட்க ஒரு காதுகூட மிஞ்சியிருக்காது.

4. கேட்கவைக்கும் விதம்

முன்னுரை வேண்டாம். "இது என் வாழ்க்கையில் நடந்தது", "மிக்ஸ் இன்னும் முடியல", "ரெண்டாவது பல்லவிதான் ஹைலைட்" என்று எதைச் சொன்னாலும் கேட்பவர் உங்கள் வாக்கியத்தைத்தான் கேட்பார். பாட்டின் தலைப்பையும் மறையுங்கள். கேட்டு முடித்த பின் "இதுக்கு என்ன பேர் வச்சிருப்பாங்க?" என்று கேட்டால், பல்லவியின் கொக்கி வரி மனதில் விழுந்ததா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பாதிப் பேர் ஹெட்போனிலும் பாதிப் பேர் போன் ஸ்பீக்கரிலும் கேட்கட்டும். யார் எதில் கேட்டார் என்று குறித்துக்கொள்ளுங்கள். போன் ஸ்பீக்கரில் பேஸ் கிட்டார் ஏறக்குறைய மறைந்துவிடும். பேஸ் ஓட்டத்தின் மேல் கட்டிய சோல் பாட்டு அங்கே எலும்பில்லாமல் நிற்கும். சோல் பாட்டுகளுக்குப் பேர்போன, அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் இருந்த மோடவுன் ஸ்டுடியோவில் கார் ரேடியோ போல ஒலிக்கும் சின்ன ஸ்பீக்கரில் மிக்ஸைச் சோதித்ததும் இதற்காகத்தான்.

மூன்று பாட்டுகளுக்குக் கருத்து வேண்டுமென்றால் வரிசையைச் சுழற்றுங்கள்: முதல் குழுவுக்கு 1-2-3, அடுத்ததற்கு 2-3-1, மூன்றாவதற்கு 3-1-2. கடைசியில் வரும் பாட்டு எப்போதும் களைத்த காதில்தான் விழும்.

ஒருவர் உங்கள் எதிரிலேயே கேட்கிறார் என்றால் அவர் முகத்தைப் பார்க்காமல் காலையும் கையையும் பாருங்கள். தலையோ காலோ நான்கு அடிகளில் 2, 4 ஆம் அடிகளில், ஸ்னேர் ட்ரம் விழும் இடத்தில் ஆடுகிறதா? எந்த விநாடியில் ஆட்டம் நிற்கிறது? எப்போது கை போனைத் தேடுகிறது? அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அவர் வாயால் என்ன சொன்னாலும் இந்தக் குறிப்புக்குத்தான் மதிப்பு அதிகம்.

5. கேள்விகளின் வரிசை

முதலில் திறந்த கேள்வி, பிறகு இடம் சார்ந்தது, கடைசியில் எண். மதிப்பெண்ணை முதலில் கேட்டால், கொடுத்த எண்ணை நியாயப்படுத்தும் காரணங்களைத்தான் அதன் பின் சொல்வார்கள்.

"பாட்டு எதைப் பற்றியது, ஒரே வரியில் சொல்லுங்க." உங்கள் ரகசியக் காகிதத்தில் உள்ள வாக்கியத்தோடு ஒப்பிட இது.

"எந்த இடத்துல கவனம் வேற எங்கேயாவது போச்சு?" நேரம் தெரியவில்லை என்றால், எந்த வரிக்கு அருகில் என்று கேளுங்கள். "போர் அடிச்சுதா?" என்று கேட்டால் மரியாதைக்கு இல்லை என்பார்கள். கவனம் எங்கே போனது என்பதில் அவமதிப்பு இல்லை, அதனால் உண்மை வரும்.

"திரும்பக் கேட்கணும்னு தோணின இடம் ஏதாவது உண்டா?" இதைக் கட்டாயம் கேளுங்கள். திருத்தும்போது தவறுதலாக அழித்துவிடக் கூடாத இடங்கள் இப்படித்தான் தெரியும்.

"முதல் சரணத்துல காதில் விழுந்த வார்த்தைகளை அப்படியே எழுதித் தர முடியுமா?" இரண்டு பேரிடம் மட்டும் போதும். உச்சரிப்புச் சோதனைக்கு இதைவிட நேரடியான வழி கிடையாது. இருவரும் ஒரே சொல்லைத் தப்பாக எழுதினால், வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

மறுநாள் ஒரே ஒரு செய்தி: "நேத்து கேட்ட பாட்டுல ஏதாவது வரியோ மெட்டோ ஞாபகம் இருக்கா?" இருந்தால் குரல் பதிவாக முனகி அனுப்பச் சொல்லுங்கள். அவர் முனகும் மெட்டு நீங்கள் பாடியதைவிட எளிமையாக இருக்கும். அந்த எளிமையான வடிவம்தான் உங்கள் பல்லவியின் எலும்புக்கூடு.

"குரல் நல்லா இருக்கா?", "பல்லவி பிடிச்சுதா?" போன்ற கேள்விகளை விட்டுவிடுங்கள். அவற்றுக்கு ஒரே பதில்தான் உண்டு.

6. வந்ததைப் பதிவு செய்தல்

ஒரு அட்டவணை போதும். பத்திகள்: பதிப்பு எண், யார், எந்த வகை, எதில் கேட்டார், பாட்டின் நேரம், அவர் சொன்ன அறிகுறி சொற்கள் மாறாமல், அவர் சொன்ன தீர்வு தனியாக. தீர்வுக்குத் தனிப் பத்தி இருப்பதுதான் இந்த அட்டவணையின் உயிர். "ட்ரம்ஸ் ஏத்துங்க" என்பது தீர்வு. அறிகுறிப் பத்தி காலியாக இருக்கிறது. அப்போது ஒரே கேள்வி கேட்க வேண்டும்: "எந்த இடத்துல அப்படித் தோணிச்சு, அங்கே என்ன குறைஞ்ச மாதிரி இருந்தது?"

சொற்களை உங்கள் மொழிக்கு மாற்றி எழுதாதீர்கள். "நீளமா இருக்கு", "இழுக்குது", "ஒரே மாதிரி போகுது" மூன்றும் மூன்று நோய்கள். மூன்றையும் "போர்" என்று எழுதிவைத்தால் பிறகு பிரிக்க வழியில்லை.

விளக்கம் தரவும் கூடாது. "அது வேணும்னே செஞ்சது" என்று ஒருமுறை பதில் அனுப்பினால் அவரிடமிருந்து அடுத்த உண்மை வராது. நன்றி சொல்லிவிட்டு, இரண்டு நாள் எதையும் தொடாமல் இருங்கள்.

7. அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

இந்தப் படிக்கு அவசரம் ஆகாது. சோல் பாட்டுகளுக்கு அடிக்கடி வரும் புகார்களையும், அவற்றின் பின்னால் பெரும்பாலும் இருக்கும் காரணங்களையும் சோதிக்க வேண்டிய வரிசையிலேயே பார்ப்போம்.

"இழுக்குது." உடனே டெம்போவைக் கூட்டத் தோன்றும், அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் முன்னிசையை அளக்க வேண்டும். 72 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 72 அடி) ஒரு அடி 833 மில்லி விநாடி. நான்கு அடிக்கு ஒரு பார் என்றால், எட்டு பார் முன்னிசைக்கு 26.7 விநாடி ஆகும். அதுவரை பாடகரே வரவில்லை. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு கேட்பாகக் கணக்கில் ஏறும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நான்கு பாராகக் குறைத்தால் 13.3 விநாடியில் குரல் வந்துவிடும். டெம்போ ஒரு துளி மாறாமலே "இழுக்குது" என்ற புகார் பெரும்பாலும் மறைந்துவிடும்.

முன்னிசை சரியாக இருந்தும் இழுக்கிறது என்றால் பேஸ் கிட்டாரையும் கிக் ட்ரம்மையும் மட்டும் ஓடவிட்டுக் கேளுங்கள். இரண்டும் ஒன்றாக விழாவிட்டால் மேலே எது இருந்தாலும் லயம் அமராது. அடுத்தது குரல். சாய்ந்து பாடுவது 20 முதல் 40 மில்லி விநாடி பின்தங்கும் வரை சுகமாக இருக்கும். 80-ஐத் தாண்டினால் இடத்தைத் தவறவிட்டது போலக் கேட்கும். இது நடைமுறைக் கணக்குதான், பாட்டுக்குப் பாட்டு மாறும். குரல் டிராக்கை முழுதாக 20 மில்லி விநாடி முன்னே நகர்த்திக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லையும் தாளக் கட்டத்துக்குள் இழுத்து வைத்தால் சாய்வே செத்துவிடும்.

நகர்த்தியதும் பாட்டு முழுக்கச் சரியாகிவிட்டது என்றால், குறை பாடியதில் இல்லாமல் பதிவில் இருந்திருக்கலாம். பஃபர் (கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவு) 512 சாம்பிள், 44.1 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு வழிக்கே 11.6 மில்லி விநாடி தாமதம். உள்ளே வந்து வெளியே போக 23-ஐத் தாண்டும். பதிவு மென்பொருள் இதை ஈடுசெய்யாவிட்டால் எல்லா டேக்கும் (ஒவ்வொரு முறை பாடிப் பதிந்ததும்) ஒரே அளவு தள்ளிப்போயிருக்கும். ப்ளூடூத் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாடியிருந்தால் சொல்லவே வேண்டாம், அந்த டேக்குகளை விட்டுவிட்டு வயர் ஹெட்போனில் மறுபடி பாடுங்கள்.

"வார்த்தை புரியல." குரலை ஏற்றுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் காரியம். ஏற்றியபின் குரல் பாட்டிலிருந்து பிரிந்து தனியாக நிற்கும், வார்த்தை அப்போதும் புரியாது. குரல் மட்டும் உள்ள டிராக்கைப் புதிதாக ஒருவருக்குக் கொடுங்கள். அதிலும் புரியவில்லை என்றால் குறை உச்சரிப்பில். மெய்யெழுத்தை விழுங்கிவிட்டு உயிரெழுத்தை மட்டும் நீட்டுவதுதான் வழக்கமான குற்றவாளி. அதில் புரிந்து மிக்ஸில் புரியவில்லை என்றால் மறைப்பது வாத்தியம்: எலக்ட்ரிக் பியானோவும் கிட்டாரும் 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை குரலோடு ஒரே இடத்துக்கு மோதும். அங்கே வாத்தியத்தில் இரண்டு மூன்று டெசிபெல் குறையுங்கள். இன்னும் நல்லது, குரல் பாடும்போது கிட்டாரை வாயடைத்துவிட்டு, வரிக்கும் வரிக்கும் இடையில் பேசவிடுவது.

ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) வால் நீளமானால் அடுத்த சொல்லின் தலையை மூடும். ப்ரீ-டிலேயை 20 முதல் 40 மில்லி விநாடிக்கு வைத்தால் மெய்யெழுத்து வெளியே வந்த பிறகே எதிரொலி தொடங்கும். கோரஸ்காரர்கள் பதில் பாடும் இடங்களையும் பாருங்கள். முதன்மைக் குரலின் கடைசிச் சொல் முடியும் முன் பதில் நுழைந்தால் அந்தச் சொல் போய்விடும். வரியின் கனமான சொல் பெரும்பாலும் கடைசியில்தான் இருக்கும் என்பதால் நஷ்டம் பெரியது. பதிலை அரை அடி தள்ளி வைத்தால் போதும்.

"நல்லா பாடறீங்க, ஆனா ஒட்டல." பாவம் (குரலில் உணர்ச்சி வெளிப்படுவது) இல்லை என்பதைத்தான் இப்படிச் சொல்வார்கள். "இன்னும் உணர்ச்சியோடு பாடு" என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி மைக் முன் நிற்பதற்கு முன், திருத்தாத மூல டேக்கைக் கேளுங்கள். அதில் பாவம் இருந்து முடிந்த பாட்டில் இல்லை என்றால், இடையில் நீங்கள்தான் உருவிவிட்டீர்கள். மூன்று இடங்களில் உருவப்படும். ஒன்று, சுருதித் திருத்தம் வழுக்கல்களை எல்லாம் நேராக்கியிருக்கும்; நீண்டு நிற்கும் ஸ்வரங்களை மட்டும் திருத்தி, ஏறி வரும் பகுதியை விட்டுவிடுங்கள். இரண்டு, மூச்சுச் சத்தம் முழுதும் வெட்டப்பட்டிருக்கும். வெட்டாமல் ஆறு டெசிபெல் குறைத்தால் போதும். மூன்று, ஒரே கம்ப்ரஸர் (சத்தமான இடங்களை அமுக்கும் கருவி) பத்து டெசிபெல் அமுக்கியிருக்கும். கிசுகிசுப்பும் கதறலும் ஒரே உயரத்தில் நிற்கும். முதலில் கையால் வால்யூமை ஏற்றி இறக்கி, பிறகு இரண்டு கம்ப்ரஸர்கள் மூன்று மூன்று டெசிபெல் அமுக்கினால் அதே சீர் கிடைக்கும், உயிரும் தங்கும்.

இன்னொரு காரணம், இருபது டேக்குகளிலிருந்து எழுத்து எழுத்தாகப் பொறுக்கி ஒட்டிய குரல். ஒவ்வொரு எழுத்தும் அழகாக இருக்கும், ஒரு வரியும் ஒரே மூச்சில் வந்ததாக இருக்காது. வரியைவிடச் சின்னதாக வெட்டாதீர்கள்.

"பிருகா ஜாஸ்தி." பிருகாக்களைக் குறைக்கும் முன் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். மெட்டு இன்னதென்று கேட்பவருக்குத் தெரியும் முன்பே அலங்காரம் வந்தால் எது மெட்டு என்று புரியாது. முதல் சரணமும் முதல் பல்லவியும் நேராக இருக்கட்டும், இரண்டாம் முறை சங்கதிகள் வரட்டும், பாட்டின் கடைசியில் ஒரே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) வட்டத்தின் மேல் சுற்றும்போது மனம்போல உருட்டிக்கொள்ளலாம். அதே எண்ணிக்கை பிருகாக்கள் இடம் மாறினாலே புகார் நின்றுவிடும்.

"பல்லவி தூக்கல." பல்லவியில் வாத்தியம் சேர்ப்பதைவிடச் சரணத்தில் எடுப்பது மேல். முதல் சரணத்துக்கு பேஸ், கீபோர்டு, ஸ்னேர் விளிம்பின் தட்டல் மட்டும் போதும். பல்லவிக்கு முழு ஸ்னேரும் கோரஸும் வரட்டும். மிக்ஸில் தூக்கி, மாஸ்டரில் தூக்கவில்லை என்றால் லிமிட்டர்தான் காரணம்.

"வேற ஒருத்தர் பாடற மாதிரி இருக்கு." இதை ஒருவர் சொன்னால் பாராட்டாக எடுத்துக்கொள்ளலாம். மூன்று பேர் ஒரே பாடகரின் பெயரைச் சொன்னால், உயிரெழுத்துகளை உச்சரிக்கும் விதத்தில்தான் நகல் ஒட்டியிருக்கும். வரிகளை மெட்டில்லாமல் பேசிப் பதிந்து, அந்த உச்சரிப்போடு பாடிப் பாருங்கள்.

8. நடுவர் தாளைப் படிப்பது

விதிகளை முதலில் படியுங்கள். பாடல் எழுதும் போட்டியா, குரல் போட்டியா என்பதைப் பொறுத்து அதே கருத்தின் பொருள் மாறும். பாடல் எழுதும் போட்டியில் "குரல் சுமார்" என்பது ஓரக் குறிப்பு. குரல் போட்டியில் "பாடல் பழைய பாணி" என்பதும் அப்படியே.

மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுத் தாளை மூடிவைப்பதுதான் பெரிய தவறு. ஒரு நடுவர் கைநிறைய அள்ளிக் கொடுப்பார், இன்னொருவர் எண்ணி எண்ணிக் கொடுப்பார். அவரவர் சராசரியோடு ஒப்பிட்டால்தான் தாள் பேசும். உதாரணத்துக்குச் சுருதி, தாளம், பாவம், வரிகள், தனித்தன்மை என்ற வரிசையில் முதல் நடுவர் 7, 8, 9, 6, 8. இரண்டாமவர் 5, 6, 4, 4, 6. மூன்றாமவர் 8, 8, 8, 6, 8 கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

பார்த்ததும் சுடுவது, இரண்டாமவர் பாவத்துக்குக் கொடுத்த 4. சராசரிகளை எடுங்கள்: 7.6, 5.0, 7.6. பாவத்தில் முதலாமவர் தன் சராசரிக்கு 1.4 மேலே, இரண்டாமவர் 1 கீழே, மூன்றாமவர் 0.4 மேலே. அது ரசனை பிளவுபட்ட இடம், குறை என்று சொல்ல முடியாது. வரிகளில் மூவருமே கீழே: 1.6, 1.0, 1.6. வேலை இருப்பது வரிகளில்தான், அதைப் பற்றி ஒருவர்கூடக் குறிப்பு எழுதாவிட்டாலும்.

"சுருதி விலகல்" என்று எழுதியிருந்தால் எந்த இடம் என்று பாருங்கள். வரியின் தொடக்கத்தில் கீழிருந்து ஏறினால் அது பாணி. வரியின் முடிவில் ஸ்வரம் கீழே தொய்ந்தால் மூச்சு தீர்ந்துவிட்டது. மூச்செடுக்கும் இடத்தை மாற்றுங்கள். உச்ச ஸ்வரம் மேலே போனால் தொண்டையை அழுத்துகிறீர்கள். அரை ஸ்வரம் சுருதிக் கட்டையைக் குறைத்துப் பாடிப் பாருங்கள். அரை ஸ்வரம் என்பது 100 சென்ட். நின்று ஒலிக்கும் ஸ்வரம் 25 சென்ட் தொய்ந்தாலே பழகிய காது பிடித்துவிடும்.

மேடைச் சுற்று என்றால் பாதிக் கருத்துகள் மைக்கைப் பற்றியவையாக இருக்கும். வாயிலிருந்து 5 முதல் 10 சென்டிமீட்டர்; கத்தும் இடத்தில் கையை நீட்டி விலக்க வேண்டும். மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் குரல் டப்பாவுக்குள் அடைத்த மாதிரி ஆகும், ஸ்பீக்கர் கூவவும் ஆரம்பிக்கும். மானிட்டரில் தன் குரல் கேட்காமல் சுருதி போனவர்கள் நிறைய. ஒலிச்சோதனையின்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நடுவரிடம் விளக்கம் கேட்க விதி அனுமதித்தால் ஒரே கேள்வி, இரண்டே வரி: "வணக்கம். உங்கள் குறிப்புக்கு மிக்க நன்றி. தாளம் தளர்வதாக எழுதியிருந்தீர்கள்; அது சரணத்திலா பல்லவியிலா என்று மட்டும் சொன்னால் உதவியாக இருக்கும்." மதிப்பெண்ணைப் பற்றி ஒரு சொல்லும் கூடாது.

9. எதைத் திருத்துவது, எதை விடுவது

ஒரே இடத்தை, ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாத மூன்று பேர், குறைந்தது இரண்டு வகைகளிலிருந்து குறித்திருந்தால் திருத்துங்கள். கிளிக் சத்தம், குரல் கிழிதல், கார்டும் மெட்டும் மோதல் போன்றவற்றை ஒருவர் சொன்னாலும் சரிபார்த்துத் திருத்துங்கள். அதற்கு வாக்கெடுப்பு தேவையில்லை.

ஒரே இடத்தை ஒருவர் புகழ்ந்து இன்னொருவர் திட்டினால் ரகசியக் காகிதத்தை எடுங்கள். அந்த இடம் அதில் இருந்தால் விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் தற்செயலாக விழுந்த ஒன்று, மறுபடி யோசிக்கலாம்.

மலிவான திருத்தத்திலிருந்து தொடங்குங்கள்: முதலில் வெட்டுவதும் வாயடைப்பதும், பிறகு மிக்ஸ், பிறகு குரல் எடிட், பிறகு மறுபடி பாடுவது, பிறகு வரிகள், கடைசியில் சுருதிக் கட்டையும் டெம்போவும். கட்டை மாறினால் ஏறக்குறைய எல்லாவற்றையும் மறுபடி பதிய வேண்டும்.

ஒரு பதிப்பில் ஒரே ஒரு மாற்றம். நான்கை மாற்றிவிட்டு "இப்ப நல்லா இருக்கு" என்று கேட்டால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒருவேளை மூன்று நன்மை செய்து நான்காவது கெடுத்திருக்கலாம்.

ஒதுக்கிவைத்த காதுகள் இப்போதுதான் வேலைக்கு வரும். பழையது, புதியது என்று சொல்லாமல் சமன் செய்த இரண்டையும் கொடுங்கள். பாதிப் பேருக்கு வரிசையை மாற்றுங்கள். பத்துப் பேரில் ஆறு பேர் புதியதைத் தேர்ந்தால் கொண்டாட ஒன்றுமில்லை. பத்து முறை நாணயம் சுண்டினாலே ஆறோ அதற்கு மேலோ தலை விழ மூன்றில் ஒன்றுக்கும் கூடுதலான வாய்ப்பு உண்டு. ஒன்பதோ பத்தோ விழ வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான். ஒன்பது பேர் ஒரு பக்கம் நின்றால் நம்பலாம்.

10. வெளியான பிறகு வரும் எண்கள்

எந்த விநாடியில் கேட்பவர்கள் விலகினார்கள் என்று காட்டும் வரைபடம் கிடைத்தால், அதில் சரியும் இடங்களை உங்கள் அட்டவணையில் உள்ள நேரங்களோடு ஒப்பிடுங்கள். ரஃப் மிக்ஸில் யாரும் குறிக்காத இடத்தில் கூட்டம் கலைந்தால், உங்கள் கேட்பவர் பட்டியலில் ஒரு வகை ஆட்கள் குறைகிறார்கள் என்று அர்த்தம். அடுத்த பாட்டுக்கு அவர்களைச் சேருங்கள். சேமித்து வைப்பவர்களின் எண்ணிக்கை, வெறும் கேட்புகளைவிட நல்ல அடையாளம். பின்னணியில் தானாக ஓடிய பாட்டை யாரும் சேமிப்பதில்லை.

வெளியான பாட்டை எடுத்துத் திருத்தித் திரும்பப் போடும் ஆசை வரும். மறுபடி பாடினாலோ புதிதாக மிக்ஸ் செய்தாலோ அது வேறு பதிவு. அதற்கு 12 எழுத்துகள் கொண்ட புதிய ஐஎஸ்ஆர்சி எண் (ஒவ்வொரு பதிவுக்கும் தரப்படும் சர்வதேச அடையாளக் குறி) வேண்டும், பழைய கேட்புகள் அதனோடு வராது. முதல் வாரம் வந்த ஒரு கடுமையான கருத்துக்காக அதைச் செய்யாதீர்கள். அந்தக் கருத்தை நேரத்தோடு அட்டவணையில் எழுதிவிட்டு, அடுத்த பாட்டின் ரஃப் மிக்ஸுக்குக் கேட்பவர் பட்டியலைத் தயார்செய்யும்போது திறந்து பாருங்கள்.